அவர் சொன்னதும் அவள் சொன்னதும்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தேவன் வந்து இறங்கியபோது குனோங் ராபாட்டில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நவம்பர் மாதம் அப்படித்தான். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சுண்ணாம்பு மலையின் தலையை மேகம் மூடிவிடும். பிறகு வரிசை வீடுகளின் முன்கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவதுகூடக் காதில் ஏறாது.

தேவன் குடையை வாசலில் சாய்த்துவிட்டுக் கையிலிருந்த பையை நண்பன் தனேஸ்வரனின் மனைவி ஷர்மினியிடம் கொடுத்தார். உள்ளே தாவ்ஃபூஃபா, தயிர்போல் இறுகிய இனிப்புச் சோயாப் பால், சூடு ஆறாமல் இருந்தது. தனேஸ்வரனுக்குக் கெட்டியாக எதுவும் தொண்டையில் இறங்காது என்று தெரிந்து, எப்போது வந்தாலும் அதைத்தான் வாங்கி வருவார்.

"மச்சான், சாப்டியா?"

நாற்காலியில் இருந்தபடியே தனேஸ்வரன் இடது கையைத் தூக்கினார். வலது கை மடியில் கிடந்தது.

"ஆமா," என்றார். அந்தச் சொல் அவருக்கு நன்றாக வரும்.

பொங்கல் முடிந்த வாரம், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே தொட்டியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பக்கவாதம், நாற்பத்தாறு வயதில். கால் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. கைத்தடி இருந்தால் நடப்பார். பேச்சு திரும்பவில்லை. எல்லாம் புரியும். செய்தி கேட்பார், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார். வாயைத் திறக்கும்போதுதான் சொல் அகப்படாது. தண்ணீர் வேண்டுமென்றால் "சட்டை" என்பார். சொன்னதுமே அது தவறென்று அவருக்கே தெரிந்துவிடும். கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொள்வார். ஷர்மினி தண்ணீரைக் கொண்டு வந்து வைப்பாள்.

எப்படிப் புரிகிறது என்று எல்லாரும் அவளைக் கேட்பார்கள். அவளுக்கே சொல்லத் தெரியாது. புருவம் போகிற போக்கு, விரல் காட்டுகிற திசை, தப்பாக வந்த சொல்லுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிற சொல். மருத்துவமனையில், முடிவெட்டும் கடையில், அவருடைய அக்காவோடு தொலைபேசியில், எங்கும் அவர் தொடங்குவார், அவள் முடிப்பாள். அவர் தலையசைப்பார். உலகத்துக்கும் அவருக்கும் நடுவில் போய்வர அந்த ஒரு வழிதான் இருந்தது.

தேவன் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று ஷர்மினிக்குத் தெரிந்தது.

"நேத்து ஆயர் தாவார்ல பாஞ்சிர் மச்சான். ரோடு முழுக்கத் தண்ணி. இன்டர்நெட் லைன் போயிருச்சு. லாரி நெறைய குஞ்சு ஏத்தி வச்சிருக்கானுங்க, சீட்டு அடிக்க முடியல. சீட்டு இல்லாம கேட்டத் தெறக்கக் கூடாதுன்னு நாமதான சொல்லி வச்சிருக்கோம்? நின்ன எடத்துலயே நின்னுருச்சு லாரி. காத்து இல்ல. மத்தியானம் லைன் வந்து பொட்டியத் தெறந்து பாத்தா..." கையை விரித்தார். "பாதிக்கு மேல போச்சு."

தனேஸ்வரன் கரண்டியைக் கீழே வைத்தார்.

தேவனின் நிறுவனம் முட்டை பொரித்து ஒரு நாள் குஞ்சுகளைக் கோழிப்பண்ணைகளுக்கு அனுப்புகிறது. அவருடைய அம்மா கருப்பம்மாள் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குடியிருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். கோழிக் கூண்டுகளோடு வெளியேறிய குடும்பம், அந்தக் கூண்டுகளிலிருந்தே எழுந்து நின்றது. இப்போது ஈப்போவிலிருந்து லகாட் போகிற பாதையில் பெரிய பொரிப்பகம், ஆயர் தாவாரில் தொடங்கிக் கெரிக் வரைக்கும் டிப்போக்கள்.

அத்தனைக்கும் சிஸ்டம் கட்டியவர் தனேஸ்வரன். எந்தப் பெட்டியில் எந்த முட்டைக் கூட்டத்துக் குஞ்சு, என்ன தடுப்பூசி, எந்தப் பண்ணைக்கு, எந்த லாரி எல்லாம் அதில் பதிந்து, சரியாக இருந்தால்தான் சீட்டு அச்சாகும். ஒருமுறை நோய்ப்பட்ட கூட்டம் மாறிப் போய் மூன்று பண்ணைகளை அழித்த பிறகு அந்தப் பூட்டை அவர்தான் போட்டார். டிப்போ ஆட்களுக்கு அந்த மென்பொருளின் பெயர் தெரியாது. 'தனேஸ்' என்றுதான் சொல்வார்கள். "தனேஸ் ஓப்பன் பண்ணியா?" "தனேஸ்ல ஏத்திட்டியா?" ஜனவரிக்குப் பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. சிஸ்டம் நின்றுபோனால் "தனேஸ் படுத்துருச்சு" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

"கார்மென் ஒரு யோசனை சொல்லுது," என்றார் தேவன். "கேஎல் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் வேற ஒன்னு சொல்றான். எனக்கு ஒன்னும் புரியல மச்சான். நீ கட்டுனது. நீ வந்து கேளு. நீ என்னா சொல்றியோ அதான். புதன்கிழம காடி அனுப்பட்டா?"

தனேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா," என்றார். மறுபடியும், "ஆமா. ஆமா."

"நான் கூட்டிட்டு வாரேண்ணே," என்றாள் ஷர்மினி.

*

தனேஸ்வரன் விழுந்த பிறகு தேவன் வேலைக்கு எடுத்த பெண் கார்மென். லகாட்டுக்காரி. சிங்கப்பூரில் சில வருடம் இருந்துவிட்டு அப்பாவுக்கு முடியவில்லை என்று திரும்பி வந்தவள். வாரத்துக்கு ஒரு நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். "அண்ணே, இந்த எடம் ஏன் இப்படி எழுதியிருக்கீங்க?" என்று திரையைக் காட்டுவாள். அவர் குனிந்து பார்த்து, இடது கை விரலால் மேலே போ, கீழே போ, நிறுத்து என்று காட்டி, கடைசியில் ஒரு வரியில் விரலை வைப்பார். "ஓ! அதுக்கா?" என்பாள் கார்மென்.

அந்த நாளுக்காக அவர் முந்தின இரவே சட்டையை எடுத்து வைப்பதை ஷர்மினி பார்த்திருக்கிறாள். மற்ற நாட்களில் சவரத்துக்குக் கெஞ்ச வேண்டும். அன்று தானே ஒற்றைக் கையால் செய்துகொண்டு, தாடையில் ரத்தப் பொட்டோடு வந்து உட்கார்ந்திருப்பார். சமையலறையில் நின்று பயறு கிண்டிக்கொண்டே அவள் காதைக் கொடுத்திருப்பாள். உள்ளே இருப்பது பழைய தனேஸ்வரன் போலவே இருக்கும்.

அவளுக்கும் அந்தச் சிஸ்டம் அந்நியமில்லை. பாலிடெக்னிக்கில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. தேவன் முதலில் கேட்டபோது இந்தச் சாப்பாட்டு மேசையில்தான் அவர் அதைக் கட்டினார். அவள் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்வாள். பிறகு கிளினிக்கில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஆனாலும் கார்மென் என்ன சொல்லப் போகிறாள் என்று தேவன் கிளம்பிப்போன உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது சரி என்றும் தெரிந்தது. ஆனால் சிஸ்டத்தைப் பிரித்துக் கட்டிவிட்டால், இந்த வீட்டுக்கு வந்து யார் எதைக் கேட்கப் போகிறார்கள்?

*

பொரிப்பகத்துக்குள் நுழைந்ததும் வெதுவெதுப்பான முட்டை வாசனை. மஞ்சள் பஞ்சு காற்றில் பறந்து வந்து சட்டையில் ஒட்டியது. கண்ணாடி அறையில் தேவன், கார்மென், ஆயர் தாவார் டிப்போவிலிருந்து வந்த உடையப்பன். உடையப்பன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்கண்ணே. பாத்து எவ்ளோ நாளாச்சு!"

மேசையில் தே தாரே, தட்டில் கறிபாப். தனேஸ்வரன் வெள்ளைச் சட்டையை இன் பண்ணியிருந்தார். பெல்ட்டை ஷர்மினிதான் மாட்டிவிட்டாள்.

கார்மென் பலகைக்கு முன்னால் நின்றாள். படம் எதுவும் பெரிதாகப் போடவில்லை. முதலாளி தேவனைப் பார்த்துப் பேசினாள்.

"தவுக்கே, சிஸ்டம் எப்படி இருக்கணும்னு கேக்கறதுக்கு முன்னாடி நம்ம யாவாரம் என்னான்னு கேக்கணும்லா. நாம பேங்க் இல்ல. லட்சம் பேரு ஒரே நேரத்துல வந்து அமுக்கப் போறதில்ல. கேஎல் கம்பெனி சொல்ற மாதிரி இருவது துண்டா வெட்டி, ஒவ்வொன்னையும் தனித்தனியா கிளவுட்ல ஓட்டலாம். பாக்க அழகா இருக்கும். ஆனா அத மேய்க்கறதுக்கே ஒரு கூட்டம் வேணும். இங்க நான் ஒருத்திதான். அதோட லைன் போச்சுன்னா அதுவும் போச்சு."

"அப்ப அது வேணாம்," என்றார் தேவன்.

"இப்ப இருக்கறது ஒரே சிஸ்டம். ஈப்போல உக்காந்திருக்கு. எல்லா டிப்போவும் லைன் வழியா வந்து இதக் கேட்டுத்தான் சீட்டு அடிக்கணும். அண்ணன் கட்டுனப்ப ரெண்டே டிப்போ, ரெண்டும் டவுன்ல. அதுக்கு அதான் சரி. நானா இருந்தாலும் அப்படித்தான் கட்டியிருப்பேன்." தனேஸ்வரனைப் பார்த்துச் சொன்னாள். "இப்ப கெரிக்ல இருக்கோம். ஆயர் தாவார்ல செம்பனைக்கு நடுவுல இருக்கோம். நமக்கு வேண்டியது ஒன்னுதான். லைன் இருந்தாலும் இல்லாட்டியும் லாரி கெளம்பணும். அதனால ஒவ்வொரு டிப்போலயும் சின்னதா ஒன்னு வச்சிருவோம். அன்னிக்கு வேண்டிய தகவல் அதுக்குள்ளயே இருக்கும். தானே பாக்கும், தானே சீட்டு அடிக்கும். லைன் வந்தப்புறம் ஈப்போவுக்குச் சொல்லிக்கும்."

"ரெண்டு டிப்போ ஒரே பொட்டிய ரெண்டு பண்ணைக்குப் போட்டுட்டா?" தேவன் கேட்டார்.

"அது ஒரு சூசாதான், கொஞ்சம் கஷ்டம். அதுக்கு வழி யோசிச்சிருக்கேன். அண்ணன் ஒருதடவ பாத்தா நல்லது."

எல்லாரும் தனேஸ்வரன் பக்கம் திரும்பினார்கள்.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை நீட்டித் தேநீர்க் குவளைகளை ஒவ்வொன்றாகத் தன் முன்னால் இழுத்தார். உடையப்பன் தன்னுடையதையும் நகர்த்திக் கொடுத்தார். ஒன்றை நடுவில் வைத்தார். மற்றவற்றை அதை ஒட்டிச் சுற்றி வைத்தார். நடுக் குவளையைத் தட்டினார்.

"ஒன்னு," என்றார். நெற்றி வேர்த்தது. "ஒன்னு... சட்டை... இல்ல." பல்லைக் கடித்தார். "ஒன்னு. இல்ல."

சுற்றியிருந்த குவளைகளை ஒவ்வொன்றாக மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். ஒன்று தேவனிடம். ஒன்று உடையப்பனிடம். ஒன்று கார்மெனிடம். தேநீர் சிந்தியது. தள்ளிய ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் காட்டினார்.

"தனி," என்றார். "தனி. தனி."

ஷர்மினிக்கு உடனே புரிந்தது. ஒளிவு மறைவு எதுவும் அதில் இல்லை. ஒன்று போதாது. ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கட்டும். தன்னுடைய கையால் கட்டியதைத் தன்னுடைய கையாலேயே பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குவளைகளைத் தள்ளும்போது அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. வேலையில் மூழ்கியிருக்கும்போது முன்பெல்லாம் இருக்குமே, அந்த முகம்.

"என்னாம்மா சொல்றான்?" என்றார் தேவன்.

வெள்ளைச் சட்டை, தாடையில் ரத்தப் பொட்டு. இனிமேல் கார்மென் வராமல் போகும் வாரங்களை அவள் நினைத்தாள். அந்த நாற்காலியில், மழையைப் பார்த்துக்கொண்டு, சவரம் செய்யாமல்.

"பிரிக்கக் கூடாதுங்கறாரு," என்றாள் ஷர்மினி. "பிரிச்சா ஒவ்வொன்னும் தனித்தனியா ஒரு பக்கம் போயிரும். அப்புறம் சேக்க முடியாது. ஒன்னாவே இருக்கட்டுங்கறாரு."

தனேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். முதலில் அவள் தவறாகப் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைத்திருப்பார். பொறுமையாகத் தலையை ஆட்டினார்.

"இல்ல," என்றார். "இல்ல, இல்ல."

"பிரிக்கக் கூடாதுன்னுதான் சொல்றாரு, பாருங்க."

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். அங்கே என்னத்தைப் பார்த்தாரோ, அவருடைய முகம் மாறிப்போனது. உள்ளங்கையால் மேசையை ஓங்கி அடித்தார். குவளை ஒன்று உருண்டு கீழே விழுந்து உடைந்தது. "இல்ல! சட்டை! இல்ல!" வாயோரம் எச்சில் வழிந்தது.

"டேய் மச்சான், மச்சான்..." தேவன் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "சரிடா. பிரிக்கல. நீ கட்டுனத எவனும் தொட மாட்டான். போதுமா? கோவப்படாத."

கார்மென் மட்டும் மேசை ஓரத்துக் குவளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், ஷர்மினியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பலகைப் பேனாவை மூடி வைத்தாள். கைக்குட்டையை எடுத்து அவர் வாயைத் துடைக்கப் போனாள் ஷர்மினி. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

வீடு வந்து சேரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்தபடி இருந்தார். "உங்களுக்காகத்தாங்க," என்று அவள் இரண்டு முறை சொன்னாள். துடைப்பான் கண்ணாடியில் போய்வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை பேச்சுப் பயிற்சிப் படங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். மீன், கதவு, குடை. "இது என்னாங்க?" இரண்டாவது படத்தைக் காட்டினாள். இடது கையால் எல்லாவற்றையும் கூட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்கு அடுத்த நாளும் அப்படியே. தண்ணீர் வேண்டுமென்றால் கேட்பதில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குப் போய், ஒற்றைக் கையால் குழாயைத் திறந்து, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு குடிப்பார். அவள் ஓடி வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார், அவள் நகரும்வரை. "ஆமா" என்ற சொல்லைக்கூட அவளுக்குத் தரவில்லை.

அந்த வாரம் கார்மென் வந்தாள். அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கார்மென் கதவருகில் நின்று, "அண்ணே, நான் வந்திருக்கேன்," என்றாள். கதவு திறக்கவில்லை. மடிக்கணினியைத் திறக்காமலே கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு அவரு சொன்னது அதானா?"

"ஏன் கேக்கற?"

"இல்லக்கா. குவளைய எனக்குப் பக்கத்துல தள்ளிட்டு என்னைப் பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. அதான்."

"மழ விட்ருச்சு. நேரத்தோட போயிரு," என்றாள் ஷர்மினி.

எதைக் காப்பாற்றப் பொய் சொன்னாளோ அது அந்த ஒரு வாரத்திலேயே போய்விட்டது என்று, கதவைச் சாத்திவிட்டு நின்றபோது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லத் துணிவில்லை. நாளைக்குச் சொல்லலாம், மழைக்காலம் முடியட்டும் என்று நாட்களைத் தள்ளினாள்.

*

டிசம்பரில் ஒரு காலை, கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது தனேஸ்வரனின் கைப்பேசி அடித்தது. எத்தனையோ மாதமாக அடிக்காத பேசி. அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, உடையப்பன் பேசறேன். தனேஸ் படுத்துரு..." நிறுத்தினார். "சிஸ்டம் போயிருச்சுண்ணே. லைன் இல்ல. ராத்திரி முழுக்க மழ. கார்மென் கெரிக் போயிருச்சு, அங்கயும் லைன் இல்ல, பிடிக்க முடியல. தவுக்கே போன் அடச்சுக் கெடக்கு. ரெண்டு லாரி ஏத்தியாச்சுண்ணே. என்னா பண்ணட்டும்?"

அவர் குரலுக்குப் பின்னால் குஞ்சுகளின் சத்தம். ஒரு கொட்டகை முழுக்கக் குஞ்சு கத்தினால் கீச் கீச் என்று தனித்தனியாகக் கேட்காது. தகரத்தில் விழுகிற மழைபோல ஒரே இரைச்சலாக இருக்கும். அது அந்தச் சிறிய பேசியிலிருந்து வந்து சமையலறையை நிரப்பியது.

தனேஸ்வரன் பேசியை வாயருகே கொண்டுபோனார். "க... கத..." என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. "மீன். மீன். இல்ல. போ. போ!"

"போகவாண்ணே? சீட்டு இல்லாமலயா?"

"போ!"

ஷர்மினி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "உடையப்பண்ணே, கேட்டத் தெறந்து விட்ரச் சொல்றாரு. லாரிய அனுப்புங்க."

"தங்கச்சி, தப்பா நெனச்சுக்காத. அவரு சொல்றாரா, நீ சொல்றியா? அன்னிக்கு மீட்டிங்ல எல்லாம் ஒன்னாத்தான் இருக்கணும், ஈப்போவக் கேக்காம அசையக் கூடாதுன்னுதான சொன்னாரு? இப்ப போங்கறாருன்னா... மாறிப் போச்சுன்னா என் தலைல வரும்மா. மூனு பண்ணை செத்தத நான் கண்ணால பாத்தவன்."

தனேஸ்வரன் பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் "போ, போ" என்று சொல்லிக்கொண்டிருந்தார், அதற்குள் குரல் சன்னமாகிவிட்டது.

"நான் தவுக்கேயத் திரும்ப அடிச்சுப் பாக்கறேன்," என்று உடையப்பன் பேசியை வைத்தார்.

ஷர்மினியும் தேவனுக்கு அடித்தாள். அடைத்துக் கிடந்தது. திரும்பத் திரும்ப அடித்தாள். மலைக்கு மேல் வெயில் ஏறியது. மழைக்குப் பிந்தின வெயில், புழுக்கம் தாங்க முடியாத வெயில். தனேஸ்வரன் பேசியை மேசையில் வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது.

மறுபடி உடையப்பன் அடித்தபோது பின்னால் அங்கங்கே சில குஞ்சுகள் கத்துவது கேட்டது. இப்போது தனித்தனியாகக் கேட்டது.

"சத்தம் கொறஞ்சிருச்சும்மா," என்றார் உடையப்பன். ஐம்பது வயது ஆள் அழுதுகொண்டிருந்தார். "தவுக்கே கெடச்சு, விடுன்னு சொன்னப்ப லேட்டாயிருச்சு. ஒரு லாரி கெளம்பிருச்சு. இன்னொன்னுல முக்காவாசி செத்துப் போச்சு, அது போயி என்னா பண்றது? அண்ணன்கிட்ட சொல்லாத. கேட்டுக்கிட்டு இருக்காரா?"

தனேஸ்வரன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். வலது கையைத் தூக்க முடியாததால் பாதி முகம்தான் மறைந்தது. அவர் அழுவதை அவள் அவ்வளவு முழுசாகப் பார்த்ததில்லை.

அவள் பின்கட்டுக்குப் போய், துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேவனுக்கு அடித்தாள். இந்த முறை மணி போனது.

"அண்ணே, அன்னிக்கு அவரு சொன்னது வேற."

"எது?"

"பிரிச்சுக் கட்டுங்கன்னுதாண்ணே சொன்னாரு. டிப்போவுக்கு ஒன்னா வைங்கன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"ஏம்மா?"

"அவரு காலைல எந்திரிச்சு சட்ட போடறதே அதுக்குத்தாண்ணே. கார்மென் வருது, கேக்குதுன்னுதான். அதுவும் இல்லன்னா... பயந்துட்டேண்ணே."

"நான் அவனைத்தான கேட்டேன் ஷர்மினி," என்றார் தேவன். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அவன் மேசையத் தட்டறான், இல்ல இல்லங்கறான். நான் அவனப் புடிச்சு உக்கார வைக்கறேன். கூட்டாளிய நானே அமுக்கியிருக்கேன், தெரியாம."

உள்ளே வந்து தனேஸ்வரனின் காலடியில் உட்கார்ந்தாள். "சொல்லிட்டேங்க," என்றாள். "தேவண்ணன்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். என்னை ரெண்டு அடிகூட அடிங்க." அவர் கேட்டார். கேட்டதற்கு அடையாளமாக அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு, குளியலறைக்குப் போனார். உள்ளேயிருந்து சவரக் கத்தியைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

*

மறுபடியும் கூட்டம் வைத்தார்கள். இந்த முறை அவள் பெல்ட்டை எடுத்தபோது அவர் வாங்கித் தானே மாட்டப் பார்த்தார். முடியவில்லை. பெல்ட் இல்லாமலே கிளம்பினார்.

கண்ணாடி அறைக்கு வெளியே, லாரிகள் ஏற்றுகிற முற்றத்தைப் பார்த்தபடி மரப் பெஞ்சு ஒன்று கிடக்கும். ஓட்டுநர்கள் உட்காரும் இடம். கதவுக்கு வந்ததும் தனேஸ்வரன் நின்றார். ஷர்மினியும் நின்றாள். அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இடது கையை அவள் தோளில் வைத்தார். அந்தக் கை அவள்மேல் பட்டுப் பல வாரமாகியிருந்தது. மெதுவாக, மிக மெதுவாக, அவளைப் பெஞ்சுப் பக்கம் திருப்பினார்.

"நான் பேச மாட்டேங்க. ஓரமா உக்காந்துக்கறேன்."

அவர் பெஞ்சைப் பார்த்தார். அவள் உட்கார்ந்தாள். அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளவில்லை.

பணியாளர்கள் குஞ்சுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மழைக்குக் கறுத்து வந்தது. உள்ளே கார்மெனின் குரல், நிதானமாக, ஒவ்வொன்றாக. "இது சரியாண்ணே?" "ஆமா." "இது?" "இல்ல." நாற்காலி இழுபடும் சத்தம். ஏதோ ஒன்றை அவர் சொல்லத் தொடங்கினார்.

"பூ..." என்றார். "பூ... கு... இல்ல. குடை. குடை இல்ல."

பூட்டு. ஷர்மினிக்கு அது முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. சீட்டுப் பூட்டைப் பற்றிச் சொல்கிறார். இரண்டு டிப்போ ஒரே பெட்டியைத் தொடாமல் இருக்க, எந்தப் பெட்டி எந்த டிப்போவுக்கு என்று முதல் நாளே ஈப்போவில் பூட்டிவிட வேண்டும். அப்புறம் லைன் இருந்தால் என்ன, போனால் என்ன. அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. கதவு ஒரு முழம் தள்ளித்தான். எட்டிப் பார்த்து ஒரே ஒரு சொல். அவள் உதடு அதைச் சொல்லிக்கொண்டிருப்பதை உணர்ந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குடை... பூ... பூ..." மூச்சு இரைத்தது. மேசையில் எதையோ தட்டினார். தேவன் தொண்டையைச் செருமினார். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு லாரி ஏற்றி முடிந்து வெளியேறியது. அடுத்த லாரி பின்பக்கமாக வந்து நின்றது.

"அண்ணே," என்றாள் கார்மென், தணிந்த குரலில். "கஷ்டமா இருந்தா அக்காவக் கூப்புடவா? வெளியதான் இருக்காங்க."

ஷர்மினி எழுந்துவிட்டாள்.

"வேணாம்," என்றார் தனேஸ்வரன்.

திக்கவில்லை. வேறு சொல் குறுக்கே வரவில்லை. ஜனவரிக்குப் பிறகு, 'ஆமா', 'இல்ல' தவிர, அவர் வாயிலிருந்து அவ்வளவு முழுசாக, அவ்வளவு தெளிவாக ஒரு சொல் வந்து அவள் கேட்டதில்லை. ஒரு கணம், தன்னை மறந்து, அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

உள்ளே அவர் மறுபடியும் "பூ..." என்று தொடங்கினார். முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. ஷர்மினி பெஞ்சில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.